உன் பதினேழாம் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பாதே

கண்ணு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். உன் இரண்டாவது நாவல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்று சொன்னாய். அனுப்பாதே. ‘கூண்டைத் திறந்தவன்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய், அந்தக் கூண்டைத் திறந்தவன் யார் என்று பதினேழாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். அது பொய். நீ எழுதிய பொய் இல்லை, நான் உனக்குச் சொன்ன பொய். டிராகன் கதையில் பொய் என்ன, உண்மை என்னப்பா என்று நீ சிரிப்பாய். டிராகன் இருந்துவிட்டுப் போகட்டும், நான் அதைப் பற்றிப் பேசவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பாய். போனில் என் குரல் கொஞ்சம் தடுமாறினால் போதும், ‘பரவால்லப்பா, விடுங்க’ என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? அந்த வார்த்தையைக் கேட்க இப்போது எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதியதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் பதிப்பாளரிடம் காட்டு. புத்தகத்தின் கடைசியில் போடுவதாக இருந்தாலும் போடு.

நீ புரூஃபை அனுப்பிய புதன்கிழமை சாயங்காலம், போனில் படித்தால் கண் வலிக்கிறது என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போய் மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரர் காகிதக் கட்டைப் பார்த்து, “என்ன சார், கோர்ட்டு கேஸுங்களா?” என்றார். “இல்லீங்க, எம் பொண்ணு எழுதின நாவல். ரெண்டாவது பாகம்” என்று பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். முதல் புத்தகம் வந்ததிலிருந்து எனக்கு இந்த வியாதி. வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே சமர்ப்பணம்: ‘பொய் சொல்லத் தெரியாத என் அப்பாவுக்கு.’ உன் அம்மா தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். நான் அதில் கை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டேன். பார், அதுவும் பொய்தான். என் வாயில் அது அவ்வளவு சுலபமாக வரும்.

முதல் புத்தகத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்புக்கு அடியில் கூண்டில் அடைத்து வைத்த தீவாயன் என்கிற டிராகன், அதன் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் பிரஸ் மிஷின் அடிக்கிற சத்தம் என்று ஊரே நம்பிக்கொண்டிருப்பது, ஒரு நாள் அது வெளியே வந்து கான்ட்ராக்ட் தொழிலாளி முனியின் மூன்று விரலைக் கடித்துக்கொண்டு போவது, மிச்சம் இருக்கிற இரண்டு விரலால் லாரியின் ஸ்பிரிங் பட்டையை ராவிச் செய்த ஈட்டியைப் பிடித்து அவன் அதைத் துரத்துவது. கர்நாடக எல்லையில் செக்போஸ்ட் நெரிசலில் டிராகன் மாட்டிக்கொள்ள, பர்மிட் எங்கே என்று ஒரு அதிகாரி கேட்க, அதற்குப் பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடிக்கிற அந்த இடத்தில் நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னிடம் கையெழுத்து வாங்க நின்ற அன்றைக்கு, வெளியீட்டு விழா மேடையில் நான் மைக்கைப் பிடித்து என்ன பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? ‘இந்த டிராகனை என் மகளுக்குக் கொடுத்ததே நான்தான்’ என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். அந்த டிராகனை நான் உனக்கு எதற்காகக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

உனக்கு அப்போது எட்டு வயது. ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு வரச் சொல்வார்களே, அப்படித்தான் உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, எட்டாம் நம்பர் பிரஸ்ஸை மட்டும் உங்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டினோம். அது இறங்கி அடித்த அடியில் உன் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. நீ என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, “உள்ள என்னப்பா இருக்குது?” என்றாய். “டிராகன் இருக்குது. கிட்டப் போனா கையைக் கடிச்சிரும்” என்றேன். பக்கத்தில் நின்ற முனிராஜ் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, “பயப்படாத பாப்பா, மாமா அதைப் புடிச்சுக் கட்டிப் போட்டிருக்கேன்” என்றான். அவன்தான் அந்த மிஷினின் ஆபரேட்டர். நாட்றாம்பாளையத்து மலையிலிருந்து வந்தவன், நம் லைன் வீட்டில் மூன்றாவது கதவு. உன்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். மற்றதை நான் சொல்கிறேன், நீ கேள்.

அடுத்த வருடம், ஒரு மாதக் கடைசி. அந்த பிரஸ்ஸின் முன்பக்கத்தில் ஒரு சென்சார் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் கட்டிய திரை மாதிரி. கை அந்தத் திரையைத் தாண்டினால் மிஷின் அப்படியே நின்றுவிடும். எண்ணெய்ப் புகை படிந்துவிட்டால் கை எதுவும் போகாமலேயே அது நின்று நின்று போகும். துடைத்து, செட் பண்ணி ஓட்டத்தான் வேண்டும். ஆனால் பேனலில் ஒரு சாவி இருக்கிறது, அதைத் திருப்பினால் சென்சார் கண்ணை மூடிக்கொள்ளும். பைபாஸ் சாவி. மெயின்டனன்ஸ் ஆள் நிற்கும்போது மட்டும் தொட வேண்டியது. அது ஷிப்ட் இன்சார்ஜிடம்தான் இருக்கும். இன்சார்ஜ் நான். அன்றைக்குக் காலையிலிருந்து சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மிஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. லாரி வாசலில் நிற்கிறது, டிஸ்பாட்ச்சில் இருந்து ஆள் மேல் ஆள் வந்து கத்துகிறான். முனிராஜ் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் போய் சாவியைத் திருப்பினேன். அவன் வந்ததும் சொல்லலாம், லாரி போனதும் மறுபடி திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே அலுவலகத்துக்குள் போய்விட்டேன்.

அவன் டீ குடித்துவிட்டு வந்து மிஷினில் நின்றான். டை என்கிற அச்சுக்குள் ஒரு பீஸ் சிக்கிக்கொண்டது. எடுக்கக் கையை விட்டான். மிஷினை இறக்கி அடிக்க வைக்கிற பெடலில் கால் இருந்தது. கை திரையைத் தாண்டினால் மிஷின் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மிஷின் நிற்கவில்லை. மூன்று விரல் போய்விட்டது. நான் ஓடி வந்தபோது அவன் கீழே உட்கார்ந்திருந்தான், கத்தக்கூட இல்லை. ‘பெடல்ல கால் இருக்கும்போது கையை விட்டது அவன் தப்புதானே?’ என்று பதினான்கு வருடமாக எனக்குள் ஒருவன் வாதாடிக்கொண்டே இருக்கிறான். அந்த வக்கீலுக்கு இன்றுவரை வாய் ஓயவில்லை. அவனை நீ நம்பாதே.

மேனேஜர் வந்தார். பேனலில் சாவி திரும்பியிருப்பதைப் பார்த்தார். “யார் திருப்பினது?” என்றார். கண்ணு, அந்த இடத்தில் ‘நான்தான் சார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லாமல், “சாவி என் டிராயர்லதான் சார் இருந்துச்சு, டிராயர் பூட்டல. அவன் எடுத்திருக்கலாம்” என்றேன். எடுத்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். சாயங்காலம் விபத்து அறிக்கையை என் கையாலேயே எழுதும்போது அது ‘ஆபரேட்டர் அனுமதி இல்லாமல் எடுத்துத் திருப்பினார்’ என்று ஆகிவிட்டது. உனக்கு அப்போது ஒன்பது வயது, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம், வேலை போனால் மறுபடி நம் ஊர் சாமல்பட்டிக்கே போய் மாட்டைப் பிடிக்க வேண்டியதுதான் என்று பயம். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பயம் எல்லோருக்கும்தான் இருக்கிறது. மலையிலிருந்து வந்தவனுக்கு இல்லாத பயமா எனக்கு?

இனி எழுதப்போவதை நான் உன் அம்மாவிடம்கூட வெள்ளிக்கிழமை காலை வரை சொன்னதில்லை. மறுநாள் மேனேஜரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனிராஜ் மருந்து மயக்கத்தில் இருந்தான், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். அவர் காதில் விழட்டும் என்று நான் குனிந்து, “ஏன்டா முனிராஜு, ஏன்டா சாவியை எடுத்த?” என்று கேட்டேன். அதட்டிக் கேட்கவில்லை. பாசமாகக் கேட்டேன், அண்ணன் தம்பியைக் கேட்கிற மாதிரி. அவன் என்னைப் பார்த்தான். “நானாண்ணா?” என்றான். “நீதான்டா. வேற யாரு எடுப்பா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “ஞாபகம் இல்லண்ணா. எடுத்திருப்பேன். லாரி நிக்குதுன்னு அவசரம்” என்றான். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அவனுக்குக் கம்பெனியில் மறுபடி இடம் கிடைக்கவில்லை, தன் தப்பால் கை போனவன் என்று கணக்கு முடிந்துவிட்டது. மிஷின் அவன் விரலைத்தான் எடுத்தது. நான் அவன் ஞாபகத்துக்குள்ளேயே கையை விட்டு, அங்கே இல்லாததைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். தூ!

அன்று வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்று, “மாமாவை டிராகன் கடிச்சிருச்சாப்பா?” என்று கேட்டாய். “ஆமா கண்ணு, டிராகன்தான்” என்றேன். உன் கதை அங்கே தொடங்கியது. நான் ஒளிந்துகொள்ள ஒரு டிராகனைக் கொடுத்தேன், நீ அதை நிஜமாக எடுத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாய். நான் வீட்டுக்குக் கொண்டுவருகிற பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கமெல்லாம் டிராகன். ஒரு நாள், ‘எப்பப் பாரு இந்தக் கண்றாவியையே வரைஞ்சிக்கிட்டு!’ என்று பிடுங்கிக் கிழித்தேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. படிப்பில் கவனம் போகிறதே என்று அப்பா கோபப்பட்டதாக நினைத்திருப்பாய். இல்லை. நீ வரைந்த டிராகன் எல்லாவற்றுக்கும் வாயில் மூன்று விரல் இருந்தது. அடுத்த ஆயுத பூஜையில் வழக்கம்போல எல்லா மிஷின் சாவிகளையும் தாம்பாளத்தில் வைத்து என் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். அந்த பைபாஸ் சாவி வந்ததும் கை ஓடவில்லை. தாம்பாளத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். அதற்கப்புறம் ஆயுத பூஜைக்கு லீவு போடுவதே வழக்கமாகிவிட்டது. ஏனப்பா என்று நீ கேட்பாய், வேலை இருக்கிறது என்பேன்.

போன தீபாவளிக்கு நீ பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இரண்டாவது புத்தகத்தின் கதையைச் சொன்னாய். தீவாயன் செத்துப்போனாலும் அதன் முட்டை ஒன்று ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸ் சூட்டில் பொரிந்துவிடுகிறது. குட்டியைக் கொல்ல வேண்டுமானால் முதல் டிராகனைக் கூண்டைத் திறந்து வெளியே விட்டது யார் என்று முனி கண்டுபிடிக்க வேண்டும். கதை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நீ என் முகத்தைப் பார்த்து, “முனிராஜ் மாமாவுக்கு அன்னிக்கு நிஜமா என்னப்பா நடந்துச்சு? மிஷினைப் பூட்டி வெக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்குமா?” என்றாய். சாவியைப் பற்றிச் சொன்னேன். “அதை யாரு திருப்பினாங்க?” என்றாய். பதினான்கு வருடத்துக்கு அப்புறம் அதே கேள்வி. இந்தத் தடவை மேனேஜர் இல்லை, போலீஸ் இல்லை, ஈரத்துணியோடு என் மகள் நிற்கிறாள். “அவனேதான் கண்ணு. அவசரக்காரன்” என்றேன். நீ உச்சுக் கொட்டினாய். அப்புறம் உன் கண் விரிந்தது. “அப்பா, டிராகனைக் கொன்னவனேதான் அதைத் தொறந்தும் விட்டவன்! படிக்கிற பசங்க ஆடிப்போயிருவாங்கப்பா!” என்று குதித்தாய். உடனே, “மாமா மனசு கஷ்டப்படுமா?” என்றும் கேட்டாய். எவ்வளவு நல்ல பிள்ளை நீ. நான் சொன்னேன், “அவன் எங்க இதெல்லாம் படிக்கப் போறான்?” என்று. அந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது எனக்கு? இதுவரை நான் செய்ததில் எது கேவலம் என்று கேட்டால், சில நேரம் இந்த ஒரு வாக்கியம்தான் என்று தோன்றுகிறது.

உனக்கு அறிவுரை சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அப்பன் இல்லையா, வாய் சும்மா இருக்காது. ஒருத்தருக்கு நடந்ததை எழுதும்போது அவரிடமே போய்க் கேள். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், மேனேஜர் சொன்னான், அப்பா சொன்னார் என்று எழுதாதே. முக்கியமாக அப்பா சொன்னார் என்று எழுதாதே. நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். தப்பு நடந்த அந்த முதல் நிமிடத்தில் வாயைத் திறந்து சொல்லிவிடு. இரண்டாவது நிமிடத்தில் அது கஷ்டம். ஒரு நாள் கழிந்தால் உன்னைக் காப்பாற்ற இன்னொருத்தரை நீயே தேட ஆரம்பித்துவிடுவாய். எனக்கு அப்படி ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “பாப்பாவுக்கு எழுதறதெல்லாம் அப்புறம். மொதல்ல அவங்க வீட்டுக்குப் போயி சொல்லுங்க. சொல்லாம இந்த வாசப்படி ஏறாதீங்க” என்றாள். முனிராஜ் இப்போது குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் தன் மாமனார் ஊரில் இருக்கிறான், மாட்டுச் சந்தையில் கயிறு விற்கிறான் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். அன்று சந்தை நாளாக அமைந்தது. பஸ்ஸில் போகும்போது கிருஷ்ணகிரி வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சந்தையில் மாடும் தரகர்களும் புழுதியுமாக இருந்தது. ஒரு புளியமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, மூக்கணாங்கயிறு, தும்புக் கயிறு, மணி எல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தான். கயிற்றை அந்தக் கையின் இரண்டு விரலாலும் பல்லாலும் பிடித்து, மற்றக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “ரண்டிண்ணா, ரண்டி!” என்று எழுந்துவிட்டான். ‘வாங்க’ என்று அர்த்தம், சந்தோஷம் வந்தால் அவனுக்குத் தெலுங்குதான் முதலில் வரும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கயிற்றுப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே உன் முதல் புத்தகம். “பாப்பா எழுதினதுண்ணா! எம் மக ஒன்பதாவது படிக்குது, பள்ளிக்கூடத்துல வாங்கிக்கிட்டு வந்து படிச்சுக் காட்டுச்சு. அப்புறம் நானே ஒண்ணு வாங்கி வெச்சிக்கிட்டேன். இங்க மாடு வாங்க வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவேன். இதுல வர்ற முனி நான்தான்னு சொல்லி இந்தக் கையைக் காட்டினா நம்பறாங்க” என்று சிரித்தான். “ரெண்டாவது எப்பண்ணா வருது? கூண்டைத் தொறந்தவனை முனி கண்டுபுடிச்சிருவானான்னு எம் மக தெனமும் கேக்குது.” அப்புறம் பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “சாவியைத் திருப்பினது நான்தான்னு அதுக்குத் தெரியாதுண்ணா. கை போனது மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுதுன்னா இப்ப பாக்கற மாதிரி என்னைப் பாக்காது. நீங்க வந்தா வாய் தவறிச் சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

உன் பதினேழாம் அத்தியாயம் என் பையில் இருந்தது கண்ணு. அச்சாகி வந்தால் அந்தப் பெண் அதை அவனுக்கே உரக்கப் படித்துக் காட்டும். ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. “முனிராஜு, சாவியைத் திருப்பினது நான்டா” என்றேன். ஒரு விவசாயி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

“எப்பண்ணா திருப்பினீங்க?”

“நீ டீ குடிக்கப் போனப்ப.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“போன் வந்துச்சு. பேசிக்கிட்டே உள்ள போயிட்டேன். மறந்துட்டேன்டா.”

“சரி. ஆஸ்பத்திரியில மறக்கலையேண்ணா.”

  அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தான். சந்தை பாதிகூட ஆகவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, “வாங்க வீட்டுக்கு. இதை எம் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க” என்றான்.  வழியில் ஒரு தடவை நின்று, “அப்ப நான் தப்புப் பண்ணல?” என்றான். “இல்லடா” என்றேன். மறுபடி நடந்தான்.

அவன் மனைவி லட்சுமம்மா வாசலில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “வாங்கண்ணா, பாப்பா நல்லாருக்குதா?” என்று எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் கேட்டது உட்பட. அவள் புருஷனிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள், அவன் தலையை ஆட்டினான்.  அப்புறம் என்னிடம் சொன்னாள், “பதினாலு வருசம்ணா. கொழம்புல உப்பு கம்மின்னு இந்த மனுசன் சொன்னாக்கூட, ‘கையை நீயே கொண்டுபோயி மிஷின்ல குடுத்துட்டு வந்தவன், நீ பேசாத’ன்னு சொல்லி வாயை அடைச்சிருக்கேன். மக காதுல விழாம பாத்துப் பாத்துச் சொல்லியிருக்கேன். ஒரு நாள்கூட இவரு எதுத்துப் பேசினதில்ல. சொன்னதையெல்லாம் நான் எங்கண்ணா போயித் திருப்பி எடுக்கறது?” அவள் கத்தவில்லை. நிஜமாகவே என்னைக் கேட்டாள், வழி தெரிந்தவரைக் கேட்பது மாதிரி. நான் அழுதேன். அங்கே அழுவதற்கும் எனக்கு உரிமை கிடையாது, ஆனாலும் அழுதேன்.

நேற்று, சனிக்கிழமை, நடந்தது அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கொடுத்துவிட்டேன். நகலை முனிராஜுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்ன செய்வார்களோ செய்யட்டும். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது, இப்ப எதுக்கு சார் இதெல்லாம் என்றார் அங்கே ஒருவர். அவரிடம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. நானும் அவர் மாதிரிதானே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் அவன் வீட்டிலிருந்து கிளம்பியபோது ரோடு வரைக்கும் முனிராஜ் என்னோடு வந்தான். அவன் மகளிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். “எம் மககிட்ட நீங்க சொல்ல வேணாம்ணா. நானும் சொல்லல. பாப்பா புஸ்தகத்துல எழுதட்டும். எம் மக அதைச் சத்தமாப் படிக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்.” பஸ் வந்தது. என்னை மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று ஞாயிறு. உன்னிடம் ஒரு பகல் இருக்கிறது, தேவையானால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடு, பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுது. முனி டீ குடிக்கப் போயிருக்கும்போது ஒருவன் வந்து கூண்டைத் திறப்பான். அவனுக்குப் பெயர் தேடிச் சிரமப்படாதே கண்ணு. என் பெயரையே வை.